புதிய வேலையும் குடிமாறும் செலவும்

தோட்டத் தொழிலாளர்க்கு வேலை மாற்றம் என்பது வேலையை மட்டும் மாற்றுவதன்று. குடியிருக்கும் வீடு, பிள்ளைகளின் பள்ளி, கடைக் கணக்கு, அக்கம்பக்கத்து உறவு ஆகிய யாவும் அதனோடு மாறுகின்றன. பட்டணத்தில் வேலையை விட்டவர் தம் வாடகை வீட்டிலேயே தொடர்ந்து இருக்கலாம். தோட்ட வீடோ வேலையோடு வருவது, வேலையோடு போவது. ஆகவே, வேறு தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை கிடைக்கும்போது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, அங்கே குடிபோகும் செலவை யார் ஏற்பது என்றும் நாம் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதே இப்பாடம்.

பழைய அனுபவம்

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. ஒப்பந்தக் கூலி முறையில் நம் முன்னோர் மலாயாவுக்கு வந்தபோது, கப்பல் கட்டணம் அவர்கள் தலையில் கடனாக ஏறியது. அக்கடனே அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தது. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகளிடம் பெற்ற தொகையிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. 1910ஆம் ஆண்டில் புதிய ஒப்பந்தக் கூலிகளை எடுப்பது நிறுத்தப்பட்டது. ஆள் தேவைப்படுபவர் ஆள் வரும் செலவை ஏற்றால், தொழிலாளி கடனின்றி வேலையைத் தொடங்குகிறார். இதனை நாம் மறத்தலாகாது.

முதலில் கணக்கு

கேட்பதற்கு முன் கணக்குப் போட வேண்டும். லோரி வாடகை, குடும்பத்தாரின் பஸ் கட்டணம், பிள்ளைகளின் புதிய பள்ளிச் செலவு ஆகியவை எளிதில் நினைவுக்கு வரும். மறந்துபோகும் செலவுகள் இரண்டு.

ஒன்று, வீட்டு முன்பணம். புதிய இடத்தில் வீடு இல்லையெனில் வாடகைக்கு எடுக்க வேண்டும். மாதம் 500 வெள்ளி வாடகை என்று வைத்துக்கொள்வோம். பல இடங்களில் முதல் மாத வாடகையுடன் இரண்டு மாத வைப்புத் தொகையும், தண்ணீர், மின்சாரத்திற்காக அரை மாத வாடகையும் கேட்பது வழக்கம். 500, 1,000, 250 ஆக மொத்தம் 1,750 வெள்ளி. 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளியை விட இது அதிகம்.

இரண்டு, முதற்சம்பளம் வரும்வரை சாப்பாட்டுச் செலவு. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாட்களுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மாதம் முதல் தேதி வேலையில் சேர்ந்தவர், அடுத்த மாதம் ஏழாம் தேதிவரை, அதாவது ஐந்து வாரங்களுக்கு மேல், காத்திருக்க நேரலாம்.

எப்போது கேட்பது?

தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், உள்நாட்டுத் தொழிலாளி குடிமாறும் செலவைப் புதிய முதலாளி கொடுத்தே ஆக வேண்டும் என்று விதிக்கவில்லை. எனவே இது பேசித் தீர்க்க வேண்டிய விஷயமாகும். பேச ஏற்ற காலம் ஒன்றே: "உங்களை எடுத்துக்கொள்கிறோம்" என்று நிர்வாகம் சொன்ன பின், நாம் கையெழுத்திடுவதற்கும், பழைய தோட்டத்தில் விலகல் கடிதம் கொடுப்பதற்கும் முன். பழைய வேலையை விட்டுவிட்டுக் கேட்பவருக்குப் பிடிமானம் இல்லை.

எதைக் கேட்பது?

ரொக்கத்தை விடப் பொருளாகவும் வசதியாகவும் கேட்பது நலம். தோட்டத்திற்குச் சொந்த லோரி இருக்கும். காலி வீடும் இருக்கலாம். அவற்றைக் கொடுப்பதால் நிர்வாகத்திற்கு அதிகச் செலவில்லை. நமக்கோ பெரும் மிச்சம். அடுத்து, வேலை தொடங்கும் நாள். விலகல் முன்னறிவிப்புக்கு ஒப்பந்தத்தில் தனி ஏற்பாடு இல்லையெனில், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் நான்கு வாரமும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் ஆறு வாரமும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் எட்டு வாரமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். முன்னதாகப் போனால் எஞ்சிய நாட்களுக்குரிய சம்பளத்தைப் பழைய முதலாளிக்குச் செலுத்த வேண்டி வரும். உடனே வரும்படி புதிய நிர்வாகம் வற்புறுத்தினால், அத்தொகையை அதுவே ஏற்குமா என்று கேட்பது நியாயமே.

பணிவோடும் தெளிவோடும் இவ்வாறு பேசலாம்: "ஐயா, வேலையையும் சம்பளத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். நாங்கள் ஐந்து பேர் குடிவர வேண்டும். செலவு இந்தத் தாளில் உள்ளது. தோட்ட லோரியும், முதல் மாதத்திற்குள் ஒரு வீடும் கிடைத்தால் குறித்த நாளில் வந்துவிடுவேன்." முழுவதும் இயலாது என்றால், எந்தப் பகுதி இயலும் என்று கேட்க வேண்டும்.

உதவியா, கடனா?

பணம் கொடுப்பதாகச் சொன்னால், அது உதவியா முன்பணமா என்று அப்போதே கேட்டறிய வேண்டும். உதவி திரும்பக் கொடுக்க வேண்டாதது. முன்பணம் சம்பளத்தில் கழியும். சம்பள முன்பணத்திற்கு வட்டி வாங்கக் கூடாது. ஒரு மாதத்துச் சட்டப்படியான கழிவுகளின் மொத்தம், பொதுவாக அம்மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேற்படக் கூடாது. ஆனால் வேலையை விடும்போது, கடைசிச் சம்பளத்தில் மீதிக் கடனைக் கழிக்கையில் இந்தப் பாதி வரம்பு பொருந்தாது.

"ஓராண்டுக்குள் விலகினால் உதவித் தொகையைத் திருப்பித் தர வேண்டும்" என்று சில நிர்வாகங்கள் நிபந்தனை விதிப்பதுண்டு. அப்போது மாதந்தோறும் பொறுப்புக் குறையும்படி கேட்க வேண்டும். உதவி 1,200 வெள்ளியாயின், மாதம் 100 வெள்ளி வீதம் குறைந்து, ஓராண்டில் முழுதும் தீர வேண்டும். நிர்வாகமே வேலையை நிறுத்தினால் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

எழுத்தில் வேண்டும்

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பது பழமொழி. எழுதாத வாக்குறுதியும் அத்தகையதே. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். லோரி, வீடு, தொகை, கொடுக்கும் நாள் ஆகியவற்றையும் அக்கடிதத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும். மண்டோரோ கிராணியோ வாய்மொழியாகச் சொன்னது போதாது. மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி, பொருள் விளங்கிய பின்னரே கையெழுத்திட வேண்டும். செலவு ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

பழைய தோட்டம் மூடப்படும் என்ற பேச்சு இருந்தால், அவசரப்பட்டு விலகலாகாது. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆட்குறைப்பில் வேலை இழக்கும் தொழிலாளி ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்திருந்தால், ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் பெறத் தகுதியுடையவர். இருபது ஆண்டு உழைத்தவர்க்கு அது 400 நாள் சம்பளம். தாமாக விலகுபவர்க்கு அச்சலுகை இல்லை. லோரி வாடகைக்காகப் பேரம் பேசி, இத்தொகையை இழந்துவிடக் கூடாது.

ஐயம் எழுந்தால் தொழிற்சங்கக் கிளையையோ அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவையோ நாடலாம். அதற்கு முன், இன்றிரவே குடும்பத்தோடு அமர்ந்து, குடிமாறும் செலவுகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். நிர்வாகத்திடம் கொண்டுபோக வேண்டிய முதற்பத்திரம் அதுவே.