விருந்து நாளில் பிள்ளையின் பக்கம்

ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவைத் தாண்டினால் சந்தாபுரா. தொழிற்பேட்டை வேலைக்கும் எலெக்ட்ரானிக் சிட்டி வேலைக்கும் வந்து தங்கிவிட்ட தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்கள் இங்கே ஏராளம். எங்களுடையதும் அதில் ஒன்று. அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு என்பதால், பெங்களூரில் இருக்கும் சொந்தங்களும் ஊரிலிருந்து வரும் சொந்தங்களும் சேர்வதற்கு எங்கள் வீடுதான் வசதி. கர்நாடகத்தில் நரக சதுர்த்தசியோடு பலிபாட்யமிக்கும் விடுமுறை உண்டு. அதனால் தீபாவளிக் கூட்டம் எங்கள் வீட்டில் ஒரே நாளில் கலைவதில்லை.

கூட்டம் எனக்குப் பிடிக்கும். ஆனால் என் மகளுக்கு இந்த விருந்து எப்படி இருக்கிறது என்று கவனிக்கத் தொடங்கிய பிறகு, இதைப் பற்றி மற்ற பெற்றோரிடம் பேச வேண்டும் என்று தோன்றியது.

அவளுக்கு ஒன்பது வயது. இலை போட்டு உட்கார்ந்ததுமே ஆரம்பமாகும். "என்னடி தங்கம், இப்படிக் கறுத்துப் போயிட்ட?" "சித்தி பொண்ணு தொண்ணூத்தெட்டு வாங்கியிருக்கா, நீ எவ்ளோ?" "இப்படி ஒல்லியா இருந்தா எப்படி, இன்னும் ஒரு கரண்டி வை." யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஒரு குழந்தையைப் பார்த்து நிறம், எடை, மார்க் என்று வரிசையாக அளந்தால், அந்தக் குழந்தை எங்கே போகும்? என் மகள் சோற்றைப் பிசைந்து பிசைந்து ஒரே உருண்டையாக்கி இலையின் ஓரத்துக்குத் தள்ளுவாள். கால் விரல்களை மடக்கித் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வாள். பிறகு மெல்ல, "அம்மா, வயிறு வலிக்குது."

அது சாக்கு இல்லை. பதற்றத்தில் செரிமானம் மந்தப்படும், வயிறு இறுகும். சொல்லத் தெரியாத பயத்தைக் குழந்தை தெரிந்த வார்த்தையில் சொல்கிறது. அந்த நேரத்தில் "நடிக்காதே, சாப்பிடு" என்று அதட்டினால், இந்தக் கூட்டத்தில் தன் பக்கம் யாருமில்லை என்றுதான் அதற்குப் புரியும்.

எங்களைப் போல எல்லை தாண்டி வாழ்பவர்களின் பிள்ளைகளுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: "தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதா? என்ன வளர்ப்பு இது?" இந்தக் கேள்விதான் அவளை அதிகம் சுட்டது. 2015-ஆம் ஆண்டின் கன்னட மொழிக் கற்றல் சட்டப்படி இங்கே பள்ளியில் கன்னடம் கட்டாயம். அவள் ஆங்கிலமும் இந்தியும் கன்னடமும் எழுதுகிறாள், வீட்டில் தமிழ் பேசுகிறாள். நான்கு மொழிகளைச் சுமக்கும் ஒரு பிள்ளையை, தெரியாத ஒன்றை வைத்து எடை போடுவது எந்த ஊர் நியாயம்? தமிழ் படிக்கட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் பந்தியில் அவமானப்பட்ட குழந்தைக்குத் தமிழ் மேல் ஆசை வராது.

நாங்கள் செய்து பார்த்ததில் மிகவும் பலித்தது, பண்டிகைக்கு முன்பே பெரியவர்களிடம் போனில் பேசிவிடுவது. பந்தியில் வைத்துத் திருத்தினால் அவர்களுக்கும் முகம் வாடிவிடும். முன்கூட்டிச் சொன்னால் கேட்கிறார்கள். அதிலும் வெறுமனே "மார்க் கேட்காதீங்க" என்று சொன்னால் போதாது. பெரியவர்களில் பலருக்குக் குழந்தையிடம் பேச வேறு விஷயம் தெரியாது, அதனால்தான் மார்க்கைக் கேட்கிறார்கள். எனவே கேட்க வேறொன்றைக் கொடுப்பேன். "மாமா, அவ இப்போ கடை போர்டெல்லாம் கன்னடத்தில் படிக்கிறா. உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்களேன்." மாமா கேட்டார். சாப்பாடு முடிந்ததும் இருவரும் தெருமுனை வரை நடந்து பேக்கரி போர்டையும் மருந்துக்கடை போர்டையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வந்தார்கள். திரும்பி வந்து அவரே, "நீ எனக்குக் கன்னடம் சொல்லிக்கொடு, நான் உனக்குத் தமிழ் சொல்லித்தரேன்" என்றார். இப்போது வாரா வாரம் வீடியோ காலில் இருவரும் எழுத்துப் பழகுகிறார்கள்.

அப்படியும் பந்தியில் பேச்சு வரத்தான் செய்யும். அப்போது பெற்றோர் வாய் திறக்க வேண்டும், சண்டைக்கு இல்லை. "அத்தை, மார்க் பத்தி நானும் அவளும் பேசிக்கிறோம். உங்களுக்கு ரசம் ஊத்தட்டுமா?" இவ்வளவு போதும். அத்தைக்கு மரியாதையும் குறையவில்லை, அம்மா நமக்காகப் பேசினாள் என்பது மகளின் காதிலும் விழுந்துவிட்டது.

சாப்பாட்டு விஷயத்தில் அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் சொல்லும் முறையைப் பின்பற்றுகிறோம். எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு. ஆயா அதிரசத்தை நீட்டும்போது அவள் "போதும் ஆயா" என்றால், போதும்தான்.

கட்டிப்பிடிப்பதும் அப்படியே. கை கூப்பி வணக்கம் சொன்னால் போதும் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். "ஒரு பாட்டுப் பாடு" என்று நிறுத்தி வைப்பதும் இல்லை. தண்ணீர் ஊற்றும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். கையில் வேலை இருந்தால் கூட்டம் அவளை அவ்வளவு அழுத்துவதில்லை. தாங்க முடியாவிட்டால் என் முந்தானையை இழுப்பாள். உள்ளறைக்குப் போய்ச் சற்று நேரம் தனியாக இருந்துவிட்டு வரலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

"நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம், கெட்டா போயிட்டோம்?" என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. "சின்ன வயசுல உங்க நிறத்தைப் பத்தி யார் என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா பெரியப்பா?" என்று கேட்டேன். யார், எந்தக் கல்யாணத்தில், எந்த வார்த்தை என்று எல்லாவற்றையும் சொன்னார். அறுபது வயதுக்கு மேலும் அது அவருக்கு மறக்கவில்லை. அதன்பிறகு அவர் எங்கள் வீட்டில் நிறப் பேச்சு எடுத்ததில்லை.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மன உளைச்சலுக்கு ஆளாக்குவதையும் தடை செய்கிறது. வகுப்பில் ஆசிரியர் சொல்லக் கூடாத சொல்லை வீட்டில் சொந்தக்காரர் மட்டும் ஏன் சொல்லலாம்?

இரவு எல்லோரும் படுத்த பிறகு அவளிடம் பேசுவேன். "நான் நிஜமாவே அசிங்கமா இருக்கேனாம்மா?" என்று ஒரு முறை கேட்டாள். "இல்லை. அவங்க சொன்னது தப்பு. உன் மேல பாசம் இருக்கு, ஆனா சொன்னது தப்பு" என்றேன். பாசத்தையும் தப்பையும் பிரித்துச் சொன்னால் குழந்தைக்குப் புரிகிறது, யாரையும் வெறுக்கவும் வேண்டியதில்லை.

உறவினர் பெயரைக் கேட்டாலே குழந்தைக்கு வயிறு வலிக்கிறது, தூக்கம் கெடுகிறது, அது பண்டிகை முடிந்தும் தொடர்கிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை. குறிப்பிட்ட ஒரு ஆளைக் கண்டு மட்டும் பயந்தால், கூச்சம் என்று விட்டுவிடாமல் தனியே உட்கார வைத்துப் பொறுமையாகக் கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அடுத்த பொங்கலுக்கு உங்கள் வீட்டில் சொந்தங்கள் கூடுவதற்கு முன், யார் யாரிடம் போனில் பேச வேண்டும் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.