ஊசி என்று ஒரே வரி போதாது

செந்தூலில் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் சரி, பில்லில் ‘ஊசி’ என்று ஒற்றை வரியும் ஒரு தொகையும் மட்டும் இருந்தால், பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அலர்ஜி ஊசிக்கு இது இன்னும் அவசியம். உடம்பெல்லாம் தடித்து அரிக்கும்போது போடும் குளோர்ஃபெனிரமின் ஊசி அன்றோடு முடிந்துவிடும். ஒவ்வாமையையே பழக்கிக் குறைக்கும் ஊசியோ வேறு ரகம். மெத்தையில் வாழும் தூசி உண்ணியின் சாற்றைத் தோலுக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போடுவார்கள். முதலில் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும், மொத்தம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். ஒரு தடவைக்குச் சில ரிங்கிட் கூடினாலும் கடைசியில் அது பெரிய தொகை. அமெரிக்காவில் இதற்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு: ஓர் ஊசி போடுவதற்கு 95115, இரண்டோ அதற்கு மேலோ போட்டால் 95117, மருந்தைத் தயாரித்துத் தர 95165. நான்கு ஊசி போட்டாலும் 95117 ஒரு தடவைதான். மருந்துக்குத்தான் டோஸ் கணக்கு. கையின் வேலை வேறு, குப்பியின் விலை வேறு என்ற அந்தப் பிரிவினைதான் நமக்கும் வேண்டியது.

கேட்க உரிமை இருக்கிறதா? இருக்கிறது. மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த விதிமுறைகள், விவரமான பில்லைக் கேட்கும் உரிமையை நோயாளிக்குத் தருகின்றன. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகள் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலில் மருந்து விலை மட்டும்தான் இருக்கும். ஆகவே மருந்தின் பெயர், எத்தனை மில்லி, ஊசி போடும் கூலி, ஆலோசனைக் கட்டணம் ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. வேலையிடம் தந்த பேனல் அட்டைதானே கட்டுகிறது, நமக்கென்ன என்பார்கள். பல அட்டைகளில் ஆண்டு வரம்பு உண்டு. அது நவம்பரில் தீர்ந்துபோனால் டிசம்பர் காய்ச்சலுக்குக் கைக்காசுதான்.

இப்படிப் பிரித்துக் காட்டுவதற்கு டாக்டர்கள் சொல்லும் மறுப்பில் நியாயம் உண்டு. 2006இல் வகுத்த 10 முதல் 35 ரிங்கிட் வரையான ஆலோசனைக் கட்டணம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அசையவில்லை. வாடகையும் தாதியர் சம்பளமும் ஏறியபோது மருந்து லாபத்தில்தான் ஈடுகட்டினார்கள். பிரித்து எழுத வேண்டும் என்பதற்கு இதுவே காரணம் என்பேன். உழைப்பின் விலையை மருந்துக்குள் ஒளித்தால், பக்கத்து மருந்துக்கடை விலையோடு ஒப்பிடும் நோயாளிக்கு டாக்டர் கொள்ளைக்காரராகத்தான் தெரிவார். தூசி உண்ணி ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைத்து, அட்ரினலினைத் தயாராக வைத்துக் கவனிப்பதும் வேலைதான். அதற்கென்று ஒரு வரி எழுதிக் காசு கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். போட்ட கையோடு வீட்டுக்கு அனுப்பும் இடத்தில், விலை எவ்வளவு மலிவானாலும், அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.