தலைமை ஆசிரியரை எதைக்கொண்டு அளப்பது?

அன்புள்ள தம்பி,

பி.எட். ஆய்வுக்காகக் கோவில்பட்டி வட்டாரத் தலைமை ஆசிரியர்களின் தலைமைத்துவத்தை அளக்கப்போவதாக எழுதியிருந்தாய். அவசியமான வேலை. படிவம் அச்சடிக்கும் முன் இதைப் படி.

ஊரார் கையில் இருக்கும் அளவுகோல் தேர்ச்சி விழுக்காடுதான். முடிவு வந்ததும் பள்ளி வாசலில் பேனர் ஏறிவிடும். அந்த எண்ணில் தலைமை ஆசிரியரின் உழைப்பு எவ்வளவு, டியூஷனுக்கும் வீட்டு வசதிக்கும் உரியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதிலும் உங்கள் கோவில்பட்டிக் கரிசல் மானாவாரி பூமி. ஐப்பசி ஈரத்தில் விதைத்த உளுந்தும் பாசியும் தையில் பறிப்புக்கு வந்து நிற்கும். பொதுத்தேர்வுக்குப் படிக்கவேண்டிய அதே நாட்களில் சில பிள்ளைகள் காட்டில் இருப்பார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நின்றுவிடுவாள். அவளை மறுபடி வகுப்புக்குக் கூட்டிவந்த ஹெட்மாஸ்டரின் பெயர் எந்தப் பேனரிலும் வராது.

பசியால் பள்ளிக்கு வராத பிள்ளையை வரவைக்க, 1956-ல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்ததும் பக்கத்து எட்டயபுரத்தில்தான். யார் வந்தார், யார் வரவில்லை என்ற கணக்கு இந்த மண்ணில் அவ்வளவு முக்கியம்.

அமெரிக்க ஆய்வாளர் பிலிப் ஹாலிங்கர் 1980-களின் தொடக்கத்தில் தலைமை ஆசிரியரின் தலைமைத்துவத்தை அளக்கக் கேள்விப் படிவம் ஒன்றை உருவாக்கினார். இன்றும் பல நாடுகளில் அது புழங்குகிறது. தலைமை ஆசிரியரும் நிரப்பலாம், அவருக்குக் கீழ் வேலை பார்க்கும் ஆசிரியர்களும் நிரப்பலாம். தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் பெரும்பாலும் தாராளமாகவே இருக்கும். எனவே ஆசிரியர்களிடம் கேட்காமல் விடாதே.

இன்னும் கூர்மையான வழியைப் பொருளாதார ஆய்வாளர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் கண்டார்கள். இந்தியா உட்பட 8 நாடுகளில் 1,800-க்கும் மேற்பட்ட பள்ளிகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். 20 நிர்வாக நடைமுறைகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மதிப்பெண் போடுவது பேட்டி கொடுக்கும் தலைமை ஆசிரியருக்குத் தெரியாது. “பிள்ளைகளின் முன்னேற்றத்தைக் கவனிக்கிறீர்களா?” என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லாதவர் உண்டா? அதனால், எப்படிக் கவனிக்கிறீர்கள், பின்தங்கியது தெரிந்ததும் என்ன செய்தீர்கள் என்று உதாரணம் வரும்வரை துருவினார்கள். சராசரியில் இந்தியாவுக்குக் கடைசி இடம். அதற்காக நம் தலைமை ஆசிரியர்கள்மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. அரசுப் பள்ளியில் யாரை நியமிப்பது, யாரை மாற்றுவது என்பதெல்லாம் அவர் கையில் இல்லை. அவர் கைக்கு எட்டுவதை வைத்தே அவரை அளக்கவேண்டும்.

அளந்துவிட்டால் போதுமா? மத்தியப் பிரதேசத்தில் 1,774 பள்ளிகளை மதிப்பிட்டு, தரப் புள்ளி போட்டு, பள்ளிக்கொரு மேம்பாட்டுத் திட்டமும் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, காகித வேலை ஏறக்குறைய முழுதாக முடிந்தது. மதிப்பீடும் உண்மையைக் காட்டியது. ஆனால் பள்ளி நடப்பிலோ பிள்ளைகள் கற்றதிலோ மாற்றமே இல்லை. காரணம், பொறுப்பும் ஊக்கமும் பழையபடியே இருந்தன. உன் ஆய்வேட்டில் இதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கு.

பள்ளிக்குப் போனதும் சென்ற ஆண்டின் தை, மாசி வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கு. தொடர்ந்து வராத சில பிள்ளைகளைக் குறித்துக்கொண்டு, அவர்களுக்காக என்ன நடந்தது என்று தலைமை ஆசிரியரிடம் கேள். வகுப்பாசிரியரிடம் தனியாக, அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் தனியாக அதையே கேள். பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டப் பதிவேட்டில் அந்தப் பேச்சு எழுந்திருக்கிறதா என்றும் பார். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அனுமதிக் கடிதத்தை இப்போதே வாங்கிவிடு. பறிப்பு தொடங்கும்போது நீ பள்ளியில் இருக்கவேண்டும்.

அன்புடன்,
அண்ணன்