ஓலைக் கொழுக்கட்டையில் கணக்குப் பாடம்

பிள்ளைக்கு மூன்று வயது ஆனதும் கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் ‘எந்தப் பள்ளிக்கூடம்?’ என்ற பேச்சு தொடங்கிவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. படிப்பின் அருமை தெரிந்த ஊர். இங்கே ஒரு தாயும் தகப்பனும் ‘பிள்ளைக்குக் கொஞ்ச காலம் வீட்டிலேயே கைவேலையும் சமையலுமாகச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம்’ என்று சொன்னால், கல்யாண வீட்டில் பார்க்கிறவர்களெல்லாம் ஆளுக்கொரு எச்சரிக்கை கொடுப்பார்கள். வீட்டுக்கல்வி ஒன்றே எல்லாக் குறைக்கும் மருந்து என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் சொல்வதில் எது நிற்கும், எது நிற்காது?

“மாவு பிசைவதும் அரிசி அளப்பதும் விளையாட்டு. நோட்டில் எழுதினால்தான் படிப்பு.”

அதிகம் பேர் நம்புவதும், அதிகம் பிசகானதும் இதுதான். கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிக்கும் வீட்டைப் பார்த்தால் போதும். பனங்குருத்தோலையைத் துடைத்து ஒரே நீளத்துக்கு நறுக்க வேண்டும். பச்சரிசி மாவை வறுக்க வேண்டும். சிறுபயறை வறுத்து, தேங்காய் துருவி, கருப்பட்டியைத் தட்டிக் கரைத்து வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் பொடித்துப் போட்டுப் பிசைய வேண்டும். பிசைந்த மாவை ஓலைக்குள் வைத்து, இன்னோர் ஓலையால் மூடி, ஓலை நாராலேயே கட்டி ஆவியில் வேகவைக்க வேண்டும். அடுப்புப் பக்கமே போகாமல் ஐந்து வயதுப் பிள்ளை செய்ய இதில் எவ்வளவோ வேலை கிடக்கிறது: ஓலைத் துண்டுகளை நீளம் பார்த்து அடுக்கலாம், பயற்றில் கல் பொறுக்கலாம், மாவை அளந்து கொட்டலாம், கட்டி முடித்ததைப் பத்துப் பத்தாக எண்ணி வைக்கலாம்.

அளக்கும் இடத்தில் கணக்கு வந்து சேர்கிறது. பழைய முகத்தலளவையில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கும் இந்த வரிசையைக் கையால் கொட்டிப் பார்த்த பிள்ளைக்கு, அரையும் காலும் அரைக்காலும் பின்னாளில் கரும்பலகையில் வரும்போது ஏற்கெனவே தெரிந்த அளவுகளாக இருக்கும். வீட்டில் உழக்கு இல்லையென்றால் ஒரே அளவுள்ள டம்ளர்கள் போதும்.

இதற்குப் பின்னால் ஆய்வும் உண்டு. அகலக் கிண்ணத்தில் இருக்கும் தண்ணீரைப் பிள்ளையின் கண் முன்னே ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றிவிட்டு, ‘இப்போது தண்ணீர் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?’ என்று கேட்டார் ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே. நான்கைந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ‘கூடியிருக்கிறது’ என்றே சொன்னார்கள். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏழு வயதை ஒட்டித்தான் உறுதிப்படுகிறது என்று அவர் கண்டார். சமையலறையில் ஊற்றியும் கொட்டியும் பார்க்கும் பிள்ளை அந்த அறிவை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது. மாவை உருட்டும் விரல்களும் பயறு பொறுக்கும் விரல்களும் பென்சில் பிடிக்கத் தேவையான வலுவைப் பெறுகின்றன என்பது கூடுதல் ஆதாயம்.

ஆனால் இதெல்லாம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. மாவு உதிரும்போது, “மக்ளே, இதுக்கு இன்னும் என்ன வேணும்?” என்று ஆச்சி கேட்க வேண்டும். “தண்ணி” என்று பதில் வந்தால், “எவ்வளவு?” என்று அடுத்ததைக் கேட்டுவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். பிள்ளை அதிகமாக ஊற்றிவிட்டால் இன்னும் கொஞ்சம் மாவு சேர்த்துச் சரிசெய்யவும் அந்தப் பிள்ளையையே விட வேண்டும். பெரியவர் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, கடைசிக் கொழுக்கட்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் படம் பிடித்தால் கிடைப்பது படம் மட்டும்தான். படிப்பு அந்தக் கேள்வியிலும், காத்திருப்பிலும், திருத்தத்திலும் இருக்கிறது.

அறிவியலுக்கும் அடுக்களைக்கு வெளியே போக வேண்டியதில்லை. மரச்சீனிக் கிழங்கைத் தோல் உரித்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவது இந்த மாவட்டத்தில் எல்லோரும் செய்வது. ஏன் வடிக்கிறார்கள்? கிழங்கில் சயனைடை வெளிவிடும் பொருள்கள் இருக்கின்றன. கசப்பு ரகங்களில் அவை அதிகம். தோலை நீக்குவதும் வேகவைத்து வடிப்பதும் அவற்றைக் குறைக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே விளங்கும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தப் பயிரைப் பரப்ப ஊக்கம் கொடுத்தார் என்ற வரலாற்றையும், தென் அமெரிக்காவில் பிறந்த கிழங்கு சாளை மீன் குழம்போடு சேர்ந்த கதையையும் அதே சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிடலாம்.

“சமையல் பழகுவது பெண்பிள்ளைக்கு. பையனுக்கு எதற்கு?”

நாஞ்சில் நாட்டுக் கல்யாணச் சமையல் ஆண்களின் கையில் இருந்து வந்திருக்கிறது. அவியலுக்கும் எரிசேரிக்கும் பருவம் பார்த்துச் சொன்ன தவசிப்பிள்ளைகள் ஆண்கள்தானே. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

“நல்ல கற்றல் சாமான்கள் வாங்க வசதி வேண்டும்.”

மரத்தில் செய்து வண்ணம் பூசிய பெட்டிகளை ‘மாண்டிசோரி சாமான்’ என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்கள். மரியா மாண்டிசோரி 1907-ல் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில். தண்ணீர் ஊற்றுவது, தரை பெருக்குவது, பொத்தான் போடுவது, காய் நறுக்குவது என்று வீட்டு வேலைகளையே அவர் பயிற்சிகளாக வைத்தார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவர் போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் வகுத்த முறைக்கு வேண்டிய பாதிப் பொருள்கள் நம் அடுக்களையிலேயே இருக்கின்றன.

மீதிப் பாதி தோப்பிலும் கடற்கரையிலும் கிடக்கிறது. ஓலையில் காற்றாடி, பந்து, பாம்பு, கிலுகிலுப்பை செய்யலாம்; நுங்குக் கூந்தலில் வண்டி செய்யலாம். சிரட்டை அளவைப் பாத்திரமாகும். புளியங்கொட்டை எண்ணுவதற்கு உதவும். மணக்குடியிலும் முட்டத்திலும் பொறுக்கிய சிப்பிகளை வடிவம் பார்த்துப் பிரிக்கலாம். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு ஒரு காலை நேரம் போனால் பறவைகளை எண்ணிப் படம் வரையலாம். செலவு பேருந்துக் கட்டணத்தோடு முடிந்துவிடும்.

“உள்ளூர்க் கைத்தொழில் எதுவானாலும் பிள்ளைக்கு நல்லது.”

இது ஆர்வக்காரர்கள் செய்யும் பிழை. தோவாளை மாணிக்கமாலை 2025-ல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை ஆகியவற்றை மடித்து வரிசை வரிசையாகக் கட்டும் அந்த மாலையின் வடிவ ஒழுங்கில் கணிதம் நிறைந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அரளிச் செடியின் எல்லாப் பாகமும் நச்சு. விரலை வாயில் வைக்கும் வயதுள்ள பிள்ளையிடம் அரளியைக் கொடுக்கக் கூடாது. அதே தோவாளைச் சந்தையில் பிச்சியும் வாடாமல்லியும் குவிந்து கிடக்கின்றன; ‘இரண்டு வெள்ளை, ஒரு ஊதா’ என்று மாற்றி மாற்றிக் கோக்கச் சொன்னால் வரிசை அமைப்பு விளங்கிவிடும். மாணிக்கமாலையை அதைக் கட்டும் கலைஞரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இன்னொரு எல்லைக்கோடும் இருக்கிறது. 1986-ல் வந்து 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலைக்கும் அமர்த்தத் தடை விதிக்கிறது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக அல்லது விடுமுறையில் கைகொடுக்க விலக்கு உண்டு. நாளைக்கு இத்தனை முழம் கட்டியாக வேண்டும் என்று கணக்கு வைத்துவிட்டால், அதைக் கல்வி என்று அழைக்கக் கூடாது.

“இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த மோஸ்தர்.”

வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். அந்த மணல் எழுத்தைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல், எழும்பூரில் தாம் நடத்திய அநாதை இல்லப் பள்ளியில் அதைக் கைக்கொண்டார். 1797-ல் லண்டனில் அது பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். நாகர்கோவிலில் மிஷனரியான மார்த்தா மால்ட் 1820-களில் தம் விடுதிப் பள்ளிச் சிறுமிகளுக்கு எழுத்தோடு சேர்த்து லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். அந்த வேலை இந்த வட்டாரப் பெண்கள் பலருக்குப் பிழைப்பாக நிலைத்தது. 1937 அக்டோபரில் வார்தாவில் நடந்த மாநாட்டில் காந்தி ஏழாண்டுக் கல்வியை ஒரு கைத்தொழிலை மையமாக வைத்துத் தாய்மொழியில் நடத்த வேண்டும் என்று முன்வைத்தார்; ஜாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. அந்தக் கனவோடு 1947-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜி. ராமச்சந்திரன், குமரி எல்லையை ஒட்டிய நெய்யாற்றின்கரைக்காரர். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவிய செயல்வழிக் கற்றலும் கையால் செய்து கற்பதை நம்பிய முறைதான்.

“கைவேலை செய்துகொண்டே இருந்தால் எழுத்து தானாக வந்துவிடும்.”

வராது. வீட்டில் பேச்சு நடந்தால் பிள்ளைக்குப் பேச்சு வரும். எழுத்தோ மனிதர் உண்டாக்கிய குறியீடு, அதை ஒருவர் கற்றுக்கொடுத்தாக வேண்டும். தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள். உயிர்க்குறிகள் மெய்யோடு சேரும் ஒழுங்கை ஒவ்வொன்றாகக் காட்டி, நாள்தோறும் வாசிக்க வைத்து, உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அந்த இடைவெளியில் பிள்ளைகள் வீட்டில் பேசவும் விளையாடவும் செய்தார்கள். ஆனாலும் வாசிப்பு பின்தங்கியது. அதைச் சரிசெய்யத்தான் 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. எனவே வீட்டில் கற்பிக்கிறவர்கள் வாசிப்புக்கென்று தினமும் ஒரு நேரத்தை ஒதுக்கியே தீர வேண்டும். கொழுக்கட்டைக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலைப் பிள்ளை எழுதட்டும். செய்முறையை நான்கு வரியில் எழுதி ஆச்சிக்கு வாசித்துக் காட்டட்டும்.

“அம்மா வேலையை விட்டால்தான் முடியும்.”

ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 2021-ல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலர்கள் மாலையில் செலவிட்டது ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம்தான். சிறு வயதில் நேரத்தின் நீளத்தைவிடத் தொடர்ச்சி முக்கியம். அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் ஆச்சியும் தாத்தாவும் மாமாவும் பங்கெடுக்கலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் சனி, ஞாயிறில் இவற்றில் பெரும்பாலானதைச் செய்துவிடலாம். கூட்டாளிகள் வேண்டும் என்ற கவலை நியாயமானது. அதற்குத் தெருவும் நூலகமும் விளையாட்டுத் திடலும் இருக்கின்றன, ஆனால் பெற்றோர் முயன்று கூட்டிப்போக வேண்டும்.

“வீட்டுக்கல்வி சட்டவிரோதம், சான்றிதழும் கிடைக்காது.”

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, 6 முதல் 14 வயதுப் பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அந்தக் கடமையில் தவறும் பெற்றோருக்கு அதே சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சையே அது எடுக்கவில்லை. ஆறு வயது வரை இந்தக் கேள்வியே எழாது. அதன் பிறகு முழுமையாக வீட்டில் கற்பிக்க நினைப்பவர்கள் இந்தத் தெளிவின்மையைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். ‘முழு அனுமதி இருக்கிறது’ என்பதும் தவறு, ‘ஜெயிலில் போடுவார்கள்’ என்பதும் தவறு.

சான்றிதழுக்கு வழி உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகள் இருக்கின்றன. அதன் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது முடிந்தவர்கள் எழுதலாம். நடுவில் பள்ளிக்குத் திரும்ப நினைத்தாலும் கதவு அடைபடுவதில்லை: கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அப்படிப்பட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது, மற்றப் பிள்ளைகளோடு சமமாக வரச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையையும் தருகிறது. பிறப்புச் சான்று கையில் இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு.