பேய்ப்படம் எடுக்கப் போகிறீர்களா? எந்தப் பணம், எந்த வழி

நட்சத்திரம் இல்லாமலும் தியேட்டருக்கு ஆள் வரவழைக்கும் வகை என்றால் தமிழில் இன்றைக்கும் பேய்ப்படம்தான். 2012-இல் சி.வி. குமார் தயாரித்து கார்த்திக் சுப்புராஜ் இயக்கிய 'பீட்சா' வந்தபோது விஜய் சேதுபதியைப் பெரிதாக யாருக்கும் தெரியாது. 2015 மே மாதம் வந்த 'டிமான்ட்டி காலனி' அஜய் ஞானமுத்துவுக்கு முதல் படம். 2024 ஆகஸ்ட் 15-இல் அதன் இரண்டாம் பாகமே வந்துவிட்டது. கடலூரிலும் சிதம்பரத்திலும் கதையைக் கையில் வைத்திருக்கும் இளைஞர்கள் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லித்தான் முதலீடு கேட்கிறார்கள். தாராளமாகக் கேட்கட்டும். ஆனால் வரும் பணம் எவ்வளவு என்பதற்கு முன்னால், எத்தனை மாதம் பொறுக்கும் என்று பார்க்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. பேய்ப்படத்தின் பாதி வேலை படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. ஒலிக்கலவையில் அவசரப்பட்டால் பயம் வராது. ரிலீஸ் தேதிக்கும் காத்திருக்க வேண்டும். பெரிய படம் இல்லாத வெள்ளிக்கிழமை கிடைத்தால்தான் வாய்வழிப் பேச்சு பரவுவதற்கு இரண்டாவது வாரம் மிஞ்சும்.

ஃபைனான்சியரிடம் ஒரு கோடியை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 2 லட்சம். ஒன்றரை வருடம் இழுத்தால் வட்டி மட்டும் 36 லட்சம். அந்தப் பாரம் தாங்காமல்தான் பல சின்னப் படங்கள் பொருந்தாத தேதியில் இறங்கி, மூன்றே நாளில் தூக்கப்படுகின்றன. பாக்கி இருந்தால் ஃபைனான்சியர் தடையும் போடலாம். பிலிம் காலத்தில் லேபில் கடிதம் கொடுத்துப் பிரிண்டை நிறுத்துவார்கள். இப்போது நிற்பது சாவி. தியேட்டர் சர்வரில் படம் ஏற்கெனவே ஏறியிருக்கும். அந்த சர்வருக்கென்றே தயாரான கேடிஎம் என்ற சிறு கோப்பு வந்தால்தான் அது திறக்கும், அதுவும் குறித்த நேரத்திலிருந்து குறித்த நேரம் வரை மட்டும். வியாழன் இரவு சென்னையில் பஞ்சாயத்து முடியாவிட்டால், வெள்ளி காலை ஆப்பரேட்டர் ஈமெயிலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார், ரசிகர்கள் வெளியே நிற்பார்கள்.

ஃபர்ஸ்ட் காப்பி முறையில் வட்டிக் கவலை இல்லை. தயாரிப்பாளர் பேசிய தொகையைத் தருவார், முடித்த படத்தை நீங்கள் ஒப்படைக்க வேண்டும். செலவு கூடினால் கூடியது உங்கள் தலையில். படம் ஓடினால் லாபம் அவருக்கு. முதல் படத்துக்கு இது மோசமான வழியல்ல, பெயராவது மிஞ்சும்.

நான் சிபாரிசு செய்வது பங்குப் பணத்தை. கன்னடத்தில் பவன் குமார் 2013-இல் 'லூசியா'வைப் பார்வையாளர்களிடம் திரட்டிய பணத்தில்தான் எடுத்தார். ஆனால் ஊரெல்லாம் நோட்டீஸ் அடித்துப் பங்கு விற்க முடியாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினால், நிறுவனச் சட்டப்படி ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைத்துப் பங்கு தரக் கூடாது. யார் எவ்வளவு போட்டார், முதலில் யாருக்குத் திரும்பும் என்று ஆடிட்டரை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் சேர்ந்த கூட்டணி வசூல் வந்தால்கூட உடையும்.

பிரிட்டனில் இதே அளவு படத்துக்கு அரசே கைகொடுக்கிறது. 2007-இல் வந்த வரிச் சலுகையில், தகுதியுள்ள செலவில் 25 சதவீதம் வரை சிறு படங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. 2024-இல் சிறு படங்களுக்கென இன்னும் உயர்ந்த சலுகையை அறிவித்தார்கள். அங்கே தனியார் முதலீட்டாளருக்கும் வருமான வரியில் கழிவு உண்டு. நமக்குத் தமிழக அரசின் 7 லட்சம் ரூபாய் மானியம் உண்டு என்றாலும், அது படம் முடிந்து குழு தேர்ந்தெடுத்த பிறகு வருவது. முதலீட்டுக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

சான்றிதழையும் கதை எழுதும்போதே முடிவு செய்துவிட வேண்டும். 2011 முதல் ஜிஎஸ்டி வரும்வரை கேளிக்கை வரிவிலக்குக்கு 'யு' கட்டாயமாக இருந்தது, அதனால் பேய்ப்படங்கள் அடிபட்டன. அந்தக் கவலை இன்று இல்லை. ஆனால் 'ஏ' வாங்கிய படத்தை டிவியில் அப்படியே போட முடியாது. சாட்டிலைட் விலை போய்விடும். மாலைக் காட்சிக்குக் குழந்தைகளோடு வரும் பெண்களும் போய்விடுவார்கள். 'காஞ்சனா'வையும் 'அரண்மனை'யையும் தூக்கி நிறுத்தியதே அந்தக் கூட்டம்தான். உங்கள் கதை ரத்தம் கேட்கிறது என்றால் எடுங்கள், டிவி பணத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு எடுங்கள்.

விநியோகத்தில் அவுட்ரேட், எம்.ஜி., கமிஷன் என்று மூன்று வழி. அவுட்ரேட்டில் ஏரியாவை மொத்தமாக விற்றுவிடுகிறீர்கள். எம்.ஜி.யில் குறைந்தபட்சத் தொகை உறுதி. அதற்கு மேல் வந்தால் உங்களுக்கும் பங்கு. பெயர் தெரியாத படத்துக்கு இரண்டுமே எளிதில் கிடைக்காது, கமிஷன்தான் வரும். போஸ்டர், தியேட்டருக்கு டிஜிட்டலாகப் படம் அனுப்பும் க்யூப் கட்டணம் எல்லாம் உங்கள் செலவு. கடலூர் மாவட்டம் தென் ஆற்காடு ஏரியா. கொள்ளிடம் பாலம் தாண்டி சீர்காழி போனால் திருச்சி-தஞ்சை ஏரியா, ஆளும் வேறு, பேச்சும் வேறு. சிதம்பரத்துக்காரர் இரண்டு பக்கமும் பேச வேண்டியிருக்கும். ஒவ்வொரு தியேட்டரிலும் அன்றாட வசூல் கணக்கான டிசிஆர் தாளைக் கேட்டு வாங்குங்கள். வகுப்புவாரியாக டிக்கெட்டின் தொடக்க எண், முடிவு எண், வரி, நிகர வசூல் எல்லாம் அதில் இருக்கும். அந்த எண்களைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆளை உங்கள் பிரதிநிதியாக அனுப்புங்கள்.

நேராக ஓடிடிக்குப் போகலாமே என்பார்கள். 2020-இல் 'அந்தகாரம்' நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 2021 ஆகஸ்டில் 'பூமிகா' விஜய் டிவியில் முதலில் ஒளிபரப்பாகி மறுநாள் நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது. இரண்டுக்கும் பின்னால் அட்லீ, கார்த்திக் சுப்புராஜ் என்று தெரிந்த பெயர்கள் இருந்தன. அது கொரோனா காலமும்கூட. அப்படிப் பெயர் இல்லாதவர்களுக்கு என் யோசனை: சொந்த மாவட்டத்தில் குறைந்த திரைகளில் தொடங்கி, கூட்டம் வந்தால் கூட்டுங்கள். சிதம்பரத்தில் என்றால் அண்ணாமலை நகர் பல்கலைக்கழக மாணவர்கள் ஊரில் இருக்கும் மாதமாகப் பாருங்கள், தேர்வு நேரம் வேண்டாம். நவம்பர், டிசம்பரில் கடலூர்ப் பக்கம் ரிலீஸ் வைக்கவே வைக்காதீர்கள். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்ததை இந்த ஊர் மறக்கவில்லை. புவனகிரி, பரங்கிப்பேட்டை, கிள்ளைக்காரர்கள் கடைசி பஸ்ஸைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுப்பார்கள், எனவே இரண்டாம் காட்சியை பைக்கில் வரும் பையன்களுக்கு விட்டுவிட்டு மாலைக் காட்சிக்கு விளம்பரம் செய்யுங்கள்.

எந்த வழியில் போனாலும் உரிமை எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வெட்டும் அதிகாரம் யாருக்கு என்பதும் அதில் இருக்கட்டும். 1973-இல் பிரிட்டனில் வந்த 'தி விக்கர் மேன்' படத்தை நிறுவனம் கைமாறிய நேரத்தில் 88 நிமிடம் போலச் சுருக்கி, 'டோன்ட் லுக் நவ்' படத்துக்குத் துணைப்படமாக ஓட்டினார்கள். வெட்டிய பகுதிகளைத் தேடி ஒட்டவைக்கப் பல வருடம் ஆயிற்று, முழுதும் கிடைக்கவுமில்லை. உங்கள் படத்தின் மாஸ்டரை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, ஒன்றை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.