சிட்சையும் சீலமும்

துன்பம் மனிதனைத் தூயவனாக்கும் என்பது சபைகளிலும் சங்கங்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் கூற்று. பொன் நெருப்பில் மாற்றுயரும் என்னும் உவமையும் அதனோடு சேர்ந்தே வரும். ஆயினும் பொன்னை ஒளிரச் செய்யும் அதே நெருப்பு வைக்கோலைச் சாம்பலாக்குவதையும் நாம் காண்கின்றோம். ஒரே துன்பம் ஒருவனைப் பொறுமையுடையவனாக்க, மற்றொருவனைக் கசப்புடையவனாக்குவது ஏன்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சொற்களைத் தெளிந்துகொள்வோம். சிட்சை என்னும் சொல் இன்று தண்டனை என்ற பொருளிலேயே பெரிதும் வழங்குகிறது. ஆனால் அதன் வடமொழி மூலம் கல்வி, பயிற்சி என்னும் பொருளது. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இதற்கு நேராக நிற்கும் கிரேக்கச் சொல்லாகிய பைதெயா என்பதும் பிள்ளையை வளர்த்துப் பயிற்றுதல் என்ற பொருளை உடையதே. அவ்வாறே ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், உபத்திரவத்தினின்று பொறுமையும், பொறுமையினின்று சோதித்துத் தேறிய குணமும், அதனின்று நம்பிக்கையும் பிறப்பதாக அப்போஸ்தலர் படிப்படியாகக் கூறுகின்றார். உபத்திரவம் நேரே குணத்தைத் தருவதாக அவர் கூறவில்லை என்பது கவனிக்கற்பாலது. இடையிலே பொறுமை நிற்கின்றது. அப்பொறுமையோ ஒருநாளில் முளைப்பதன்று, பயிற்சியால் வளர்வது.

இவ்வுண்மைக்குச் சான்றாக, இந்திய தேசத்தில் நாற்பதாண்டுகள் உழைத்த வில்லியம் கேரியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். இவர் 1761ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நார்தாம்டன் நாட்டுப்புறத்தில் ஓர் எளிய நெசவாளரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே செருப்புத் தைக்கும் தொழிலில் அமர்ந்தார். அப்பட்டறையில் கிடைத்த ஒரு வேதவியாக்கியானத்தில் தமக்குப் புரியாத கிரேக்க எழுத்துகளைக் கண்டு, அவற்றை அப்படியே பார்த்தெழுதி, தம் ஊரிலிருந்த கற்றறிந்த ஒருவரிடம் கொண்டுபோய்ப் பொருள் கேட்டறிந்தார். தோலும் ஊசியும் கையிலிருக்க, கண் முன்னே புத்தகமும் சுவரிலே தாமே வரைந்த உலகப்படமும் இருந்தன. இவ்வாறு சிறிது சிறிதாக லத்தீன், கிரேக்கு, எபிரெயு முதலிய மொழிகளைப் பயின்றார். அற்புதம் ஒன்றும் இதில் இல்லை. நாள்தோறும் தவறாத ஒழுங்கே உண்டு.

1793ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் குடும்பத்தோடு வங்காளம் வந்து சேர்ந்தார். கையிருந்த பணம் விரைவில் கரைந்தது. வட வங்காளத்தில் ஓர் அவுரிச்சாலையை மேற்பார்க்கும் வேலையை ஏற்றுப் பிழைத்தார். 1794ஆம் ஆண்டில் ஐந்து வயதுடைய மகன் பீட்டர் நோயால் இறந்தான். ஏழாண்டுகள் அவர் விதைத்தும் வங்காள மக்களுள் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. 1800ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாளிலேதான் கிருஷ்ண பால் என்னும் தச்சர் ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஆண்டில் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. கேரியின் மனைவியாராகிய டாரதி அம்மையார் முதலில் இந்தியா வர இசையவில்லை. பிறர் வற்புறுத்தவே, கைக்குழந்தையோடு, தம் சகோதரியின் துணையை நாடிப் புறப்பட்டார். மகனை இழந்தபின் அவ்வம்மையாரின் சித்தம் கலங்கியது. 1807ஆம் ஆண்டில் இறக்குமளவும் தெளியவில்லை. கணவரைத் தாக்கிய அதே வறுமையும் புத்திரசோகமும் அவரையும் தாக்கின. அவற்றால் அவர் உயர்ந்தார் என்று சொல்ல யாருக்கு நா எழும்? அவருடைய விசுவாசம் குறைவுபட்டது என்று சொல்லவும் நமக்கு உரிமையில்லை. தாமே தெரிந்துகொண்ட பாரத்தைச் சுமப்பது வேறு. பிறர் தெரிந்துகொண்டதைச் சுமப்பது வேறு. ஆகவே, துன்பம் நல்லது என்று பொதுப்படக் கூறுவது பிழை. பிறவிக்குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று வினவிய சீஷருக்கு ஆண்டவர் அவ்வகைக் கணக்கை மறுத்து, அவனுக்குக் கண்ணொளி அளித்தார் அன்றோ?

இனி மற்றொரு சோதனையைக் காண்போம். 1812ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் மாலை சீராம்பூர் அச்சுக்கூடத்தில் தீப்பற்றியது. காகிதக்குவியலும், பல இந்திய மொழிகளின் அச்செழுத்துகளும், கேரி ஆண்டுக்கணக்காகத் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதியும், தெலுங்கு, பஞ்சாபி இலக்கணங்களின் பிரதிகளும் எரிந்தன. கல்கத்தாவிலிருந்த கேரிக்கு மார்ஷ்மன் மறுநாள் இச்செய்தியைக் கொண்டுபோனார். கேரி கண்ணீர் சிந்தினார், எனினும் கைசோரவில்லை. ஒருமுறை நடந்த வழியை மறுமுறை நடத்தல் எளிது என்னும் கருத்துப்பட நண்பருக்கு எழுதி, மொழிபெயர்ப்பை மீண்டும் தொடங்கினார். தீக்குத் தப்பிய அச்சுப்பொறிகளைக் கொண்டு, உருகிக்கிடந்த ஈயத்தையே புதிய எழுத்துகளாக வார்த்து, சில மாதங்களுக்குள் பல மொழிகளில் அச்சுவேலையை நடத்தினர்.

இம்மன உறுதி தீப்பிடித்த அன்று இரவில் பிறந்ததா? இல்லை. 1806ஆம் ஆண்டில் அவர் எழுதிய ஒரு கடிதம் அவருடைய ஒருநாள் அலுவலை விவரிக்கின்றது. காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்து எபிரெய வேதத்தில் ஓர் அதிகாரம் வாசித்தார். ஜெபம், மொழிப்பயிற்சி, கல்லூரிப்போதனை, மொழிபெயர்ப்பு ஆகியவற்றால் பகலை நிரப்பினார். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தோடு நாளை முடித்தார். நல்ல நாட்களில் இட்ட இவ்வடித்தளமே தீய நாளில் அவரைத் தாங்கிற்று. மேலும், அவர் தனியே நிற்கவில்லை. மார்ஷ்மனும் வார்டும் அவரோடு ஒரே பொதுப்பந்தியில் உண்டு, ஒரே பாரத்தைச் சுமந்தனர். பட்டறையில் தனியனாகக் கற்ற ஒழுங்கைத் தோழமை காத்தது.

இவ்வொழுங்கின் முடிந்த பயன் யாது? 1829ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் உடன்கட்டை ஏறுதலைத் தடைசெய்யும் சட்டம் பிறந்தது. அதை வங்காளத்தில் பெயர்க்கும்படி கேரிக்கு அனுப்பினர். அது வந்து சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளைக் கண்ணாகப் போற்றிய அவர், அன்று பிரசங்கத்தைப் பிறரிடம் ஒப்புவித்து, பண்டிதரோடு அமர்ந்து மாலைக்குள் வேலையை முடித்தார். ஒருநாள் தாமதம் ஒரு கைம்பெண்ணின் உயிரைக் குடிக்கக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஒழுங்கு தன்னைத்தானே பேணிக்கொள்ளுமாயின் அது வெறும் சடங்கு. பிறர் துயர் துடைக்க விரையுமாயின் அதுவே சீலம்.

மாணவ நண்பர்களே, துன்பத்தைத் தேடிப்போக வேண்டுவதில்லை. அது தானே வரும். அது வரும்வரை நமக்குரிய கடமை சிறியது: குறித்த நேரத்தில் எழுதல், தொடங்கிய பாடத்தை முடித்தல், ஜெபத்தைக் கைவிடாதிருத்தல், சொன்ன சொல்லைக் காத்தல். பிறர் துன்புறுங்கால் அவர்களுக்குப் பொன்னின் உவமையைப் போதிக்க விரையாது, அவர்கள் சுமையில் ஒரு பங்கைத் தாங்குவோமாக. உபதேசத்தை நமக்கும் உதவியைப் பிறருக்கும் வைத்துக்கொள்ளுதலே சிட்சை பெற்றவன் ஒழுக்கம்.