பை எறியும் பலகை: வீட்டிலேயே செய்யலாம்

அறுவடை முடிந்து களம் சும்மா கிடக்கும் நாட்களில், திருவாமாத்தூர் போன்ற ஊர்களில் பிள்ளைகள் விளையாட இடத்துக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவில் பரவலாக ஆடப்படும் பை எறியும் விளையாட்டுக்கான பலகையைப் பழைய மரத்திலேயே செய்து கொள்ளலாம்.

பலகை 4 அடி நீளம், 2 அடி அகலம் இருக்க வேண்டும். மேல் விளிம்பிலிருந்து 9 அங்குலம் தள்ளி, அகலத்தின் நடுவில் மையம் வைத்து, 6 அங்குலக் குறுக்களவில் வட்டத் துளை போட வேண்டும். பின்பக்கம் 12 அங்குலமும் முன்பக்கம் 3 அங்குலமும் உயர்ந்திருக்கும்படி சவுக்குக் கால் பொருத்தலாம். இப்படி இரண்டு பலகைகள் தேவை. இரண்டுக்கும் இடையே 27 அடி விடுவது வழக்கம். சிறுவர்களுக்குக் குறைத்துக் கொள்ளலாம்.

புதிதாக அறுத்த பச்சை வேம்பு வேண்டாம். காயும்போது சுருங்கி வளைந்து, இணைப்புகள் விட்டுப்போகும். பழைய கதவுப் பலகையே மேல். அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்து அடிக்கவும். நீட்டிக் கொண்டிருக்கும் ஆணி முனையை மடக்கிவிட மறக்கக்கூடாது. பிள்ளைகள் வெறுங்காலுடன் ஓடுவார்கள்.

பை 6 அங்குலச் சதுரம், எடை சுமார் 450 கிராம். அங்கே மக்காச்சோளம் நிரப்புவார்கள். நம் வீடுகளுக்கு அது சரிப்படாது. வண்டு விழும், எலி வரும். வந்த எலி பக்கத்திலுள்ள விதை நெல் மூட்டையை விடுமா? சலித்துக் காயவைத்த பருமணலை இரட்டைத் துணியில் தைத்தால் போதும். பை சற்றுத் தொளதொளவென்று இருப்பதே நல்லது, விழுந்த இடத்தில் நிற்கும்.

ஆளுக்கு நான்கு பைகளை மாறி மாறி எறிய வேண்டும். துளையில் விழுந்தால் 3 புள்ளி, பலகையில் தங்கினால் 1. முதலில் 21 எடுத்தவர் வெற்றி.